மின்சாரம் திரும்பி வந்த பிறகு: மண்டபத்தில் ஒரு மெயில் சர்வர்

மின்னஞ்சலை வாங்கி, வைத்திருந்து, அனுப்பும் மெயில் சர்வர் நிறுவுவது எப்படி என்று சொல்லும் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. முதல் மடல் போய்ச் சேர்ந்ததும் அவை முடிந்துவிடும். கடைசியில் ஒரு வரி மட்டும் இருக்கும்: கணினி தொடங்கும்போது சர்வரும் தானாகத் தொடங்கும்படி செய்துவிடுங்கள். ராமநாதபுரம் கடற்கரையில் கணினி வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கடைசி வரியில்தான் பாதி வேலை இருக்கிறது. அந்தப் பாதியைப் பற்றி எழுதுகிறேன்.

இங்கே மின்சாரம் போகும். யாரையும் குறை சொல்லவில்லை. கடலுக்கு நடுவே நீண்டு கிடக்கும் நிலத்தின் இயல்பு அது. உப்புக் காற்று மின்கம்பத்துப் பீங்கான்களில் படிந்துகொண்டே இருக்கிறது. மழை கழுவாத மாதங்களில் அது அடையாகச் சேர்கிறது. விடியற்காலைப் பனியிலோ முதல் தூறலிலோ நனைந்தால் அந்த அடை மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்து, பீங்கானின் மேலேயே பொறி பறந்து லைன் நின்றுவிடுகிறது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று தென்கடலைப் புரட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை வடகடலைப் புரட்டுகிறது. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறி, காற்று முற்றிவிட்டால், மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்தி வைப்பதும் உண்டு. அறுந்த கம்பி தண்ணீரில் கிடக்கும்போது அதுதான் சரி.

மண்டபம் என்ற கடற்கரை ஊரில் ஒரு நண்டுக் கம்பெனிக்கு நான் கணினி வேலை பார்த்துக் கொடுக்கிறேன். படகுக்காரர்களிடம் நண்டும் கணவாயும் எடுத்து, ஐஸ் போட்டு, தூத்துக்குடிக்கு லாரி ஏற்றுகிற இடம். விலைப்பட்டியல், எடைச் சீட்டு, ஆய்வக அறிக்கை எல்லாம் மின்னஞ்சலில்தான் போய் வருகின்றன. இணையத்தில் கிடைக்கும் இலவச மின்னஞ்சலே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இணைய லைன் அறுந்தால் அது திறக்காது. அலுவலகத்திலேயே சர்வர் இருந்தால் பழைய மடல்களைப் படிக்கலாம், புது மடல் எழுதி அனுப்பும் பொத்தானையும் அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். லைன் வந்ததும் மடல் தானே கிளம்பும். வெளியிலிருந்து வருவதை வாடகைக்கு எடுத்த ஒரு சர்வர் வாங்கி வைத்திருந்து, நம்முடையது எழுந்ததும் ஒப்படைக்கும். நம்முடைய மடலும் அதன் வழியாகத்தான் வெளியே போகும், ஏனென்றால் சாதாரண இணைப்புகள் பலவற்றில், சர்வர்கள் தமக்குள் மடல் பரிமாறும் வாசலான 25-ஆம் எண் போர்ட்டில் வெளியே போக அனுமதிப்பதில்லை. விட்டு விட்டு வரும் லைனுக்கு இந்த ஏற்பாடு பொருத்தமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால், மின்சாரம் போய் வந்த பிறகு சர்வர் தானாக எழ வேண்டும். நான் இருப்பது ராமநாதபுரத்தில். அலுவலகத்தில் இருப்பவர் கணக்குப் பார்க்கும் அக்கா. காலையில் வந்தவுடன் அவருக்கு எடை, ரொக்கம், ஐஸ் என்று நூறு வேலை. கறுப்புத் திரையில் கட்டளை தட்டச் சொல்லி அவரைத் தொலைபேசியில் நிறுத்தி வைக்கக் கூடாது. தானாகத் தொடங்குவது என்று நான் சொல்வது அவர் ஒன்றுமே செய்யத் தேவையில்லாத நிலையை.

அது சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்து ஆரம்பிக்கிறது, மென்பொருளிலிருந்து அல்ல. கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸில் ஓர் அமைப்பு உண்டு: போன மின்சாரம் திரும்பினால் என்ன செய்வது? அணைந்தே இருக்கலாம், எப்போதும் எழலாம், அல்லது மின்சாரம் போனபோது இருந்த நிலைக்கே திரும்பலாம். பல கணினிகள் முதல் நிலையில்தான் கடைக்கு வருகின்றன. மூன்றாவதுதான் நியாயமாகத் தோன்றும், பலரும் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். யூ.பி.எஸ். இருக்கும் இடத்தில் அது தவறான தேர்வு. பேட்டரி தீரப் போகிறது என்று யூ.பி.எஸ். சொன்னதும் கணினி தன்னை ஒழுங்காக அணைத்துக்கொள்கிறது. அதன் பிறகே மின்சாரம் முழுவதுமாக அறுகிறது. ஆக, மின்சாரம் போனபோது கணினி இருந்த நிலை ‘அணைந்த நிலை’. திரும்பி வரும்போது அதே நிலையில் அப்படியே கிடக்கும். எனவே ‘எப்போதும் எழு’ என்பதே சரி.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. கணினி தன்னை அணைத்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் மின்சாரம் திரும்பிவிட்டால்? யூ.பி.எஸ். அணையவே இல்லை. கணினியின் பார்வையில் மின்சாரம் போகவும் இல்லை, வரவும் இல்லை. யாராவது பொத்தானை அழுத்தும்வரை எழாது. ‘நெட்வொர்க் யூ.பி.எஸ். டூல்ஸ்’ என்ற கட்டற்ற மென்பொருள் இதை முன்பே யோசித்திருக்கிறது. கணினி அணையும் கடைசிக் கட்டத்தில், யூ.பி.எஸ்ஸின் வெளியீட்டையே சிறிது நேரம் துண்டிக்கும்படி அது கட்டளை கொடுக்கிறது. இடையில் மின்சாரம் திரும்பியிருந்தாலும் ஒரு துண்டிப்பு நடந்தே தீரும். கணினி எழுந்தே தீரும். இதற்கு யூ.பி.எஸ். அந்தக் கட்டளையைப் புரிந்துகொள்ளும் ரகமாக இருக்க வேண்டும். வாங்கும்போதே யூ.எஸ்.பி. கேபிள் வழியாகப் பேசும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

இனிமேல்தான் மென்பொருள். பழைய யூனிக்ஸ் இயங்குதள வழக்கத்தில் தொடக்க நிரல்கள் ஒரு கோப்புறையில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் பெயர் முன்னாலும் எஸ் என்ற எழுத்தும் ஈரிலக்க எண்ணும். எண் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். 2010-இல் லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் கொண்டுவந்த சிஸ்டம்டி என்ற, லினக்ஸில் மற்ற நிரல்களைத் தொடங்கிவைக்கும் மென்பொருள் இந்த வரிசையைக் கலைத்துவிட்டு, யாருக்கு யார் தேவை என்ற உறவுகளை வைத்து வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்கியது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்திலும், 2015-இல் வந்த அதன் 8-ஆம் பதிப்பு முதல் அதுவே வழக்கமானது. இந்த மாற்றம் பற்றி நடந்த சண்டைகள் ஓய்ந்த பாடில்லை. மின்சாரம் அடிக்கடி போகும் ஊர்க்காரன் என்ற முறையில் நான் சிஸ்டம்டி பக்கம். விழுந்த சேவையை, அதாவது பின்னணியில் ஓடும் நிரலை, மறுபடி எழுப்பவும், ஏன் விழுந்தது என்று ஒரே இடத்தில் பார்க்கவும் அதில் முடிகிறது.

சிஸ்டம்டியில் ‘ஸ்டார்ட்’ வேறு, ‘எனேபிள்’ வேறு. எங்கள் மெயில் சர்வர் மென்பொருளின் பெயர் போஸ்ட்ஃபிக்ஸ். ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் போஸ்ட்ஃபிக்ஸ்’ என்றால் சர்வர் இப்போது ஓடும், அவ்வளவுதான். மறுபடி கணினி எழும்போது அதற்கு நினைவிருக்காது. ‘எனேபிள்’ என்றால் ‘மல்டி யூசர் டார்கெட் வான்ட்ஸ்’ என்ற கோப்புறைக்குள் ஓர் இணைப்புக் கோப்பு உண்டாகும். அந்தச் சிறு இணைப்புதான் தானாகத் தொடங்குவதன் மொத்த ரகசியமும். கோப்புறையைத் திறந்து கண்ணால் பார்த்துவிடலாம். ‘இஸ் எனேபிள்டு’ என்று கேட்டாலும் அதுவே பதில் சொல்லும். தொடக்கத்தில் ஓடட்டும் என்று எல்லாவற்றையும் ‘ஆர்சி லோக்கல்’ கோப்பில் எழுதி வைக்கும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அப்படித் தொடங்கிய சர்வர் விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை. அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

அடுத்தது வரிசை. படகு கடலுக்குப் போக டீசலும் ஐஸும் வேண்டும். அவை வேண்டும் என்று சீட்டில் எழுதுவது ஒன்று, அவை ஏறிய பிறகுதான் கயிற்றை அவிழ்க்க வேண்டும் என்பது இன்னொன்று. சிஸ்டம்டியிலும் ‘ரிக்கொயர்ஸ்’ என்பது தேவையை மட்டும் சொல்கிறது. ‘ஆஃப்டர்’ என்பது வரிசையை மட்டும் சொல்கிறது. தேவையை எழுதிவிட்டு வரிசையை எழுதாவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பும். நெட்வொர்க் விஷயத்தில் இது இன்னும் நுணுக்கமானது. ‘நெட்வொர்க் டார்கெட்’ என்பதற்குப் பொருள், நெட்வொர்க்கை நிர்வகிக்கும் மென்பொருள் எழுந்துவிட்டது என்பது மட்டுமே. கணினிக்கு நெட்வொர்க்கில் ஒரு முகவரி கிடைத்துவிட்டது என்று அது சொல்லவில்லை. அதற்கு ‘நெட்வொர்க் ஆன்லைன் டார்கெட்’ என்ற வேறொன்று இருக்கிறது.

மண்டபத்து அலுவலகத்தில் மின்சாரம் வந்ததும் என்ன நடக்கிறது என்று அருகில் நின்று பார்த்தால் இதன் பொருள் விளங்கும். கணினியில் எஸ்.எஸ்.டி. வட்டு, மூச்சு விடுவதற்குள் எழுந்துவிடுகிறது. பக்கத்தில் சுவரில் தொங்கும் ஃபைபர் பெட்டியின் சிவப்பு விளக்கு அப்போதுதான் மினுக்குகிறது. அது தன் எதிர்முனையோடு பேசி முடித்து, பச்சையாகி, அதன் பிறகு ரவுட்டர் எழுந்து முகவரி கொடுக்கும்போது கணினி தன் தொடக்க வேலைகளை எல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. சேர்ந்து விழுந்தவை சேர்ந்து எழுவதில்லை. தினசரி ஓட்டத்தில் கணினியை மட்டும் மறுதொடக்கம் செய்து பார்த்தால் ரவுட்டர் ஏற்கெனவே தயாராக இருக்கும். இந்தக் கோளாறு தலைகாட்டவே காட்டாது.

அப்படித்தான் ஒரு வாடைக் காலத்துக் காலையில் அக்கா கூப்பிட்டார். “தம்பி, கரண்ட் வந்துவிட்டது. கணினி எரிகிறது. வந்த மடலைப் படிக்க முடிகிறது. நாங்கள் அனுப்புவது மட்டும் தூத்துக்குடிக்குப் போய்ச் சேரவில்லை என்கிறார்கள்.”

“இன்டர்நெட் வருகிறதா, அக்கா?”

“அது நன்றாக வருகிறது. செல்லில் எல்லாம் திறக்கிறது.”

சர்வரின் பதிவேட்டில் ஒவ்வொரு மடலின் எதிரிலும் ஒரே பிழை: அனுப்ப வேண்டிய சர்வரின் பெயருக்குரிய முகவரி கிடைக்கவில்லை, மறுபடி முயல வேண்டும். வேறு எந்த நிரலைக் கேட்டாலும் அதே கணினியில் அதே பெயருக்கு முகவரி உடனே கிடைத்தது. காரணம் போஸ்ட்ஃபிக்ஸின் பாதுகாப்பு ஏற்பாடு. வீட்சே வெனமா ஐ.பி.எம்.மில் இருந்தபோது எழுதி 1998-இல் வெளியிட்ட மென்பொருள் அது. ஒரு பகுதி உடைந்தாலும் மற்றவை தப்பும்படி வேலையைச் சிறுசிறு நிரல்களாகப் பிரித்திருக்கிறார். டெபியன் பல ஆண்டுகளாக அந்த நிரல்கள் சிலவற்றை ஒரு தனிக் கோப்புறைக்குள் அடைத்தே ஓட்டியது. உள்ளே இருப்பவற்றுக்கு வெளியுலகக் கோப்புகள் தெரியாது. பெயரைச் சொன்னால் முகவரி தரும் டி.என்.எஸ். சேவை எங்கே இருக்கிறது என்று எழுதிய ‘ரிசால்வ் கான்ஃப்’ கோப்பின் நகல் ஒன்று, சர்வர் தொடங்கும்போது உள்ளே வைக்கப்படுகிறது. ரவுட்டர் முகவரி கொடுப்பதற்கு முன்பே போஸ்ட்ஃபிக்ஸ் தொடங்கிவிட்டதால், உள்ளே போன நகல் வெறுமையாக இருந்தது. பிறகு வெளியே கோப்பு நிரம்பியும் உள்ளிருக்கும் நகல் வெறுமையாகவே கிடந்தது. சேவையின் நிலையைக் கேட்டால் பச்சையில் ‘ஓடுகிறது’ என்றே பதில் வரும். அது பொய்யும் இல்லை, ஓடத்தான் செய்தது.

சர்வரை ஒருமுறை அணைத்துத் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும். பலரும் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த மின்வெட்டில் அதே கதை. ‘ஆன்லைன் டார்கெட்’டுக்குக் காத்திருக்கச் சொல்லலாம், அதற்கும் ஒரு காலக்கெடு உண்டு, ஃபைபர் லைன் அன்று முழுதும் வராவிட்டால் காத்திருந்தும் பயனில்லை. அலுவலகத்துக்குள் மடல் படிக்கவாவது சர்வர் எழுந்தாக வேண்டுமே. ஆகவே தேவையையே குறைத்தேன். கணினிக்கு நிலையான ஐ.பி. முகவரி, ரவுட்டரைக் கேட்டு நிற்க வேண்டியதில்லை. பெயர் தேட அதே கணினியில் அன்பவுண்ட் என்ற சிறு டி.என்.எஸ். சேவை. ‘ரிசால்வ் கான்ஃப்’ கோப்பில் 127.0.0.1 என்ற ஒரே வரி; எந்த நேரத்தில் நகல் எடுத்தாலும் அது சரியாகவே இருக்கும். லைன் இல்லாதபோது அன்பவுண்டுக்கு விடை கிடைக்காது, லைன் வந்ததும் கிடைக்கும். இடையில் யாரும் எதையும் மறுதொடக்கம் செய்ய வேண்டாம். தொடக்க வரிசையைச் சரிசெய்வதைவிட, வரிசை தவறினாலும் கெடாதபடி அமைப்பது மேல்.

கடிகாரம் இன்னொரு தொல்லை. மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பொத்தான் பேட்டரி செத்திருந்தால், மின்சாரம் வந்ததும் கணினி பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தேதியில் கண் விழிக்கும். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகள் பெரும்பாலானவற்றில் கடிகார பேட்டரியே கிடையாது. தேதி பின்னால் இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் ‘இன்னும் நடைமுறைக்கு வரவில்லை’ என்று மறுக்கப்படும். மடல்களில் தவறான தேதி ஏறி, பெட்டியின் அடியில் போய்ப் புதையும். மடல் படிக்கத் தரும் டவ்காட்டின் பழைய பதிப்புகள், நேரம் பின்னோக்கி நகர்ந்ததைக் கண்டால், இதனால் பல சிக்கல்கள் வரக்கூடும் என்று பதிவேட்டில் எழுதிவிட்டுத் தம்மையே நிறுத்திக்கொள்ளும். புதிய பதிப்புகள் அப்படிச் செய்வதில்லை. என்றாலும் மலிவான அந்த பேட்டரியை மாற்றிவிடுவதும், கடிகாரம் சரியான பிறகே டவ்காட் தொடங்கும்படி ‘டைம் சிங்க் டார்கெட்’டின் பின்னால் அதை நிறுத்துவதும் அவசியம்.

மடல்கள் தனி வட்டில் இருந்தால் மிகவும் கவனம் வேண்டும். அந்த வட்டு எழத் தாமதமானால் அது வந்து பொருந்த வேண்டிய கோப்புறை வெறுமையாக நிற்கும். சர்வர் அந்த வெறுங்கோப்புறையைப் பார்த்து, சரி என்று புது மடல்களை அதற்குள் எழுத ஆரம்பிக்கும். பழைய மடல்கள் அத்தனையும் காணாமல் போனதுபோலத் தெரியும். பிறகு வட்டு வந்து பொருந்தினால் பழையவை திரும்பும், இடையில் வந்தவை அதற்கு அடியில் மறைந்துவிடும். இரண்டுமே அழியவில்லை, ஆனால் அதை அந்தக் காலை நேரத்தில் யாரிடம் சொல்லிப் புரிய வைப்பது? ‘ரிக்கொயர்ஸ் மவுன்ட்ஸ் ஃபார்’ என்று சேவைக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால், வட்டு பொருந்தாதவரை சர்வர் தொடங்காது. மடல் விஷயத்தில், தவறான இடத்தில் தொடங்குவதைவிடத் தொடங்காமல் இருப்பதே பாதுகாப்பு. முழு வட்டையும் கடவுச்சொல்லால் பூட்டி வைத்திருப்பவர்கள், கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் அந்தக் கடவுச்சொல்லை யார் வந்து தட்டப் போகிறார்கள் என்பதையும் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

தொடங்காமல் இருந்தால் மடல் தொலைந்துவிடாதா? இல்லை. மின்னஞ்சலை வடிவமைத்தவர்களை நான் மனமாரப் பாராட்டும் இடம் இதுதான். ஜான் போஸ்டல் 1982-இல் எழுதிய எஸ்.எம்.டி.பி. என்ற மடல் பரிமாற்ற விதிகளிலிருந்தே, எதிர்முனை இப்போது இல்லை என்றால் வைத்திருந்து மறுபடி முயல்வது அதன் அடிப்படை. இன்றைய விதி ஆர்.எஃப்.சி. 5321 என்ற ஆவணம், 2008-இல் வந்தது. ஒருமுறை தோற்றால் குறைந்தது 30 நிமிடம் விட்டு முயல வேண்டும், கைவிடுவதற்கு முன் குறைந்தது நான்கைந்து நாள் பார்க்க வேண்டும் என்று அது பொதுவாகச் சொல்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே 5 நாள் வைத்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு சர்வர் மடலை வாங்கி முடித்ததும் ‘250’ என்ற எண்ணைப் பதிலாகச் சொல்கிறது. அந்த எண்ணைச் சொல்லிவிட்டால், மடலைச் சேர்ப்பிப்பதோ சேர்ப்பிக்க முடியவில்லை என்று தெரிவிப்பதோ அதன் பொறுப்பு. அதனால் போஸ்ட்ஃபிக்ஸ் மடலை வட்டில் எழுதி, எழுத்து நிலைத்துவிட்டது என்று உறுதியான பிறகே 250 சொல்லும். அந்தப் பதிலுக்கு முன் மின்சாரம் போனால், அனுப்பியவரிடம் மடல் பத்திரமாக இருக்கிறது, மறுபடி அனுப்புவார். பதிலுக்குப் பின் போனால், நம் வட்டில் பத்திரமாக இருக்கிறது. பதில் போகும் அந்த நொடியில் அறுந்தால், அதே மடல் இரண்டு தடவை வரக்கூடும். ஒரு விலைப்பட்டியல் இரண்டு தடவை வரலாம், வராமல் மட்டும் இருக்கக் கூடாது. பல ஆண்டுகளாகப் பாதி உலகத்தின் கடிதப் போக்குவரத்து இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

ஐந்து நாள் எல்லாச் சமயத்திலும் போதும் என்று சொல்ல முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, டெல்டாவில் பல ஊர்களுக்கு வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை. அதனால் வெளியே இருக்கும் வாடகை சர்வரில் மடலை வைத்திருக்கும் காலத்தை நீட்டி வைத்திருக்கிறேன். நம் சர்வரில் தாமத எச்சரிக்கையை நான்கு மணி நேரமாக வைத்திருக்கிறேன். அனுப்பிய மடல் அதற்குள் கிளம்பாவிட்டால் அக்காவுக்கு அறிவிப்பு வரும், அவர் தூத்துக்குடிக்குத் தொலைபேசியில் விலையைச் சொல்லிவிடலாம். போஸ்ட்ஃபிக்ஸ் தோற்ற மடலை 300 நொடியில் ஆரம்பித்து, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், 4,000 நொடிவரை விட்டு விட்டு முயலும். லைன் வந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேரலாம். லைன் வந்ததும் வரிசையை ஒருமுறை தள்ளிவிடும் சிறு நிரல் அந்தக் காத்திருப்பை நீக்குகிறது.

செத்துக் கிடக்கும் சர்வரால் தான் செத்துவிட்டதாக மடல் போட முடியாது. நம் சர்வர் குறித்த நேரத்துக்கு ஒருமுறை வாடகை சர்வருக்கு ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. அது நின்றால் என் செல்பேசிக்குச் செய்தி வரும். சமிக்ஞை சும்மா ‘இருக்கிறேன்’ என்று சொல்லாமல், ஒரு உண்மையான மடலாகவே போகும்படி வைத்திருக்கிறேன். ‘ஓடுகிறது’ என்ற பச்சை விளக்கை நம்பாமல் இருக்க அதுதான் வழி.

இவ்வளவும் செய்த பிறகு சோதித்தாக வேண்டும். ‘ரீபூட்’ என்று தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும், யூ.பி.எஸ். நிறைந்திருக்கும், கடிகாரம் சரியாக இருக்கும். லாரி கிளம்பிய பிறகு, முதலாளியிடம் சொல்லிவிட்டு, அலுவலகத்தின் மெயின் சுவிட்சையே இறக்க வேண்டும். பேட்டரி தீரும்வரை காத்திருந்து, கணினி தானே அணைவதைப் பார்க்க வேண்டும். பிறகு சுவிட்சை ஏற்றிவிட்டு விசைப்பலகையைத் தொடாமல் நிற்க வேண்டும். செல்பேசியின் டேட்டாவிலிருந்து ஒரு மடல் அனுப்பி, அக்காவின் மேசையில் அது வந்து விழுந்து, அவர் எழுதிய பதில் செல்பேசிக்குத் திரும்பினால்தான் தேர்வு. ‘சிஸ்டம்டி அனலைஸ்’ என்ற நிரலில் ‘கிரிட்டிகல் செயின்’ என்று கேட்டால், எந்தச் சேவை எதற்காக எவ்வளவு நேரம் நின்றது என்பதைக் கிளைகளாகக் காட்டும். சோதனைக்குப் பிறகு அதைப் படித்துப் பார்ப்பது நல்ல பாடம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு நண்டு மட்டும் கொஞ்சம் வரும். இயங்குதளத்தின் பெரிய மேம்படுத்தல்களை அந்த நாட்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். பதிப்பு மாறும்போது சேவைக் கோப்புகளும் மாறக்கூடும் என்பதால், ஒவ்வொரு மேம்படுத்தலுக்குப் பிறகும் ‘எனேபிள்’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெயின் சுவிட்சை மறுபடியும் இறக்குகிறோம். இப்போது அதை இறக்குவது அக்காதான். “தம்பி, நீங்கள் வர வேண்டாம், நானே பார்த்துச் சொல்கிறேன்” என்று இந்த ஆண்டு சொல்லிவிட்டார். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கியது, ஃபைபர் பெட்டி எப்போது பச்சையானது, முதல் மடல் எப்போது வந்தது என்று ஐஸ் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து, படம் எடுத்து அனுப்பியிருந்தார். பேட்டரி போன ஆண்டைவிடக் குறைவாகத்தான் தாங்கியிருக்கிறது. வாடை தொடங்குவதற்குள் புது பேட்டரி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.